ஓரக் கசிவு

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

நலமா என்று கேட்பது முறை. கேட்டதாக வைத்துக்கொள். ஒன்றரை வருடமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறான் என்றால் காரியமாகத்தான் என்று உனக்கே தெரியும். நானும் மறைக்கவில்லை.

நீ பட்டறையை விட்டுப் போகும்போது உன் பங்கு என்று வளையம் வெட்டும் பன்ச் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். அதில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. வெள்ளை சிலிக்கான் தாள், பால் பம்புக்குப் போடுவோமே, அது. கறுப்பு ரப்பர் ஆகாது. கனம் அரை மில்லி. உள்வட்டம் ஏழரை, வெளிவட்டம் பதினெட்டு. ஓரத்தில் பிசிறு இருக்கக் கூடாது. இரண்டு வெட்டி அனுப்பு.

எந்த பம்புக்கு என்று கேட்பாய். எனக்குத்தான்.

குரல்வளையை எடுத்த பிறகு நான் கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறேன் என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் இருக்கும் சுவரில் ஒரு பொத்தல் போட்டு, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வால்வு மாட்டினார்கள். கழுத்துத் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மூச்சை விட்டால் காற்று வால்வு வழியாகத் தொண்டைக்குப் போய்ப் பேச்சாக வருகிறது. காற்று அந்தப் பக்கம் போகலாம். சோறும் தண்ணீரும் இந்தப் பக்கம் வரக் கூடாது. நீயும் நானும் ஆயிரம் பம்புக்கு மாட்டிய அதே ஒருவழி வால்வுதான், என்ன, குட்டியாக இருக்கிறது.

இப்போது தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது. ஒரு வாய் டீ குடித்தால் ஒன்பது இருமல். கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வால்வின் நடுவில் ஒழுகவில்லை. ஓரத்தில் ஒழுகுகிறது. வால்வில் குறையில்லை, பொத்தல் கொஞ்சம் அகன்றுவிட்டது. ஓரக் கசிவுக்கு நாம் என்ன செய்வோம்? வளையம் போடுவோம். இதற்கு எதற்கு ஒரு டாக்டர்?

உன் அக்கா நன்றாக இருக்கிறாள். கண் மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுகூட வெயில் சுடுவதை வைத்துத்தான் தெரிகிறதாம். நான் உனக்கு எழுதுவது அவளுக்குத் தெரியாது.

உன் வாயால்தான் என் வாய் போயிற்று என்பதை நான் மறக்கவில்லை. அது வேறு கணக்கு. வளையத்தை அனுப்பு.

அத்தான்


மார்ச் 16

அத்தான் அவர்களுக்கு,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அக்காவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, பிரிக்கப் பயந்து, அரை நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பிரித்தால் வளையம் கேட்டிருக்கிறீர்கள். சிரிப்புதான் வந்தது.

வளையம் வெட்டுவது கண் மூடித் திறக்கும் நேரத்து வேலை. ஆனால் வெட்ட மாட்டேன்.

"பொத்தல் கொஞ்சம் அகன்றுவிட்டது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். ஏன் அகன்றது? பட்டறைக்கு எந்த பம்பு வந்தாலும் "வாஷர் தேஞ்சது இருக்கட்டும், அதைத் தேச்சது எது?" என்றுதானே நீங்கள் முதலில் கேட்பீர்கள். அந்தக் கேள்வியை உங்கள் கழுத்தில் மட்டும் ஏன் கேட்காமல் விட்டீர்கள்? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். உங்களுக்குக் கழுத்தும் தெரியவில்லை. தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் இருக்கும் இடம் மலைக்கு மேல் ஒரு சுரங்கம். அடியில் ஊறிக்கொண்டே இருக்கும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளும் பம்பு அறை என் பொறுப்பு. சாமான் லாரி வாரத்துக்கு ஒரு முறை வந்து போகும். தபாலும் அதில்தான். ஆபீசில் ஒரு போன் இருக்கிறது, யாருக்காவது அடிபட்டால் மட்டும் தொட விடுவார்கள். விட்டாலும் உங்கள் குரல் அதில் புரியுமோ என்னவோ. புதுக் குரலை நான் கேட்டதே இல்லையே.

அந்தப் பழைய கணக்குக்கு ஒரு வார்த்தை. "சாதாரணத் தொண்டைப் புண்" என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லியே நீங்கள் நாளைக் கடத்தினீர்கள். நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அழுது அடம்பிடித்து உங்களை ஆபரேஷனுக்கு அனுப்பினாள். அதற்காக நீங்கள் என்னைப் பட்டறையிலிருந்து துரத்தினீர்கள். இன்னொரு தடவை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

மாப்பிள்ளை


மார்ச் 27

மாப்பிள்ளைக்கு,

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று உனக்கு யார் சொன்னது? உனக்கு எழுதும் முன்பே போய் வந்தாயிற்று. எழுதவில்லை, அவ்வளவுதான்.

வால்வு மாற்றுவதற்கென்றே அங்கே ஒரு நர்ஸ் அம்மா இருக்கிறாள். கெட்டிக்காரி. நீலச் சாயம் கலந்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். "நடுவுல ஒழுகுனா புது வால்வு மாட்டி அனுப்பிடுவேன். இது ஓரத்துல ஒழுகுது. இதைப் பெரிய டாக்டர்தான் பாக்கணும். வால்வைக் கழட்டிட்டுப் பொத்தல் தானா சுருங்குதான்னு பாப்பாங்க" என்றாள். அதுவரை மூக்கில் குழாய் விட்டு ஆகாரம், பேச்சு கிடையாது. எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "சில பேருக்கு வாரக்கணக்கு. சில பேருக்குத் திருப்பி மாட்டவே முடியாமப் போயிடும்" என்றாள். பெரிய டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏன் என்று கேள். நீ போன பிறகு நடந்தது இது.

ஆபரேஷன் முடிந்து, வால்வு மாட்டுவதற்கு முன், ஊமையாக இருந்த நாட்கள். மறுநாள் அனுப்புவதாகச் சொன்னவர்கள் ஒரு நாள் முன்பே அனுப்பிவிட்டார்கள். காலில் ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் செருப்பு, அவள் காதுக்குப் பழகிய என் நடைச் சத்தம் இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. சமையலறையில் உன் அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதே அவளுக்கு நிழல் மட்டும்தான் தெரியும். சத்தம் கேட்டு "யாரு?" என்றாள். வாயைத் திறந்தேன். இருமல் சத்தம்கூட வாய் வழியாக வரவில்லை. "யாருன்னு கேக்குறேன்ல" என்று கத்தியை முன்னால் நீட்டிக்கொண்டு சுவரோரமாகப் பின்னால் போனாள். நான் கை தட்டினேன். அது இன்னும் மோசம். திருடன் கிண்டல் செய்கிறான் என்று நினைத்திருப்பாள். கடைசியில் கத்திக்கு நேராகவே போய், அவள் இன்னொரு கையைப் பிடித்து இழுத்து என் கழுத்துத் துளையில் வைத்தேன். மூச்சு விரலில் பட்ட பிறகுதான் கத்தியைக் கீழே போட்டாள்.

ஊரில் எல்லாருக்கும் நான் எழுதிக் காட்டிவிடலாம். எழுதிக் காட்ட முடியாத ஒரே ஆளைத்தான் நான் கட்டியிருக்கிறேன். இந்த வால்வு போனால் வீட்டுக்குள் நான் அவளுக்கு யாரோ ஒருவன். எனக்கு உயிர் பெரிதில்லை என்று வீரம் பேசவில்லை. அவளோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

வளையம் அனுப்புவாயா, மாட்டாயா?

அத்தான்


ஏப்ரல் 6

அத்தான்,

அனுப்பியிருக்கிறேன். இரண்டு. புதுத் தாளில் வெட்டினேன். ஓரத்தை நானே விரலால் தடவிப் பார்த்து, பிசிறு எடுத்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்துச் சுத்தமான துணியில் சுற்றியிருக்கிறேன். நீங்களும் ஒரு தடவை கொதிக்க வைத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கத்தியை நீட்டிக்கொண்டு அவள் நிற்பது கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால்தான் வெட்டினேன். சரி என்று பட்டு வெட்டவில்லை.

இது ஒட்டுப்போடும் வேலை. கொஞ்ச நாளைக்குத் தாங்கும், அதற்குள் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போகிறீர்கள். அதுதான் நமக்குள் பேச்சு. அக்காவிடமும் சொல்லிவிடுங்கள்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 20

மாப்பிள்ளைக்கு,

உன் கையில் வித்தை இன்னும் இருக்கிறது. பொருத்திவிட்டேன்.

எப்படி என்று தெரிந்துகொள்ள உனக்கு அரிக்கும், அதனால் சொல்கிறேன். சவரக் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் கட்டினேன். டார்ச்சைத் தலையில் துணியால் கட்டிக்கொண்டேன். உன் அக்கா பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் போயிருந்த நேரம் பார்த்து, வளைந்த இடுக்கியால் வளையத்தை விரித்து வால்வின் விளிம்புக்குப் பின்னால் தள்ளினேன். இருமலில் இரண்டு முறை வெளியே பறந்துவிட்டது. ஒரு முறை உள்ளே விழப் பார்த்தது, இடுக்கி நுனியில் பிடித்துவிட்டேன். நான்காவது முறை உட்கார்ந்துகொண்டது. நர்ஸிடம் கேட்டு வாங்கிவந்த நீலச் சாயம் கொஞ்சம் இருந்தது. ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

அன்று சாயங்காலம் உன் அக்காவுக்கும் எனக்கும் டீ போட்டு, இருமாமல் குடித்தேன். "இன்னைக்கு என்ன, டம்ளர் சத்தம் மட்டும் கேக்குது?" என்றாள். "நல்லாயிட்டேன்" என்றேன். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும்.

அவளுக்குக் காது கொஞ்சம் ஓவர். குரல் முன்பு போல இல்லை, குறுகிப்போய் வருகிறது என்கிறாள். கிட்டே வந்தால் பழந்துணி ஊறின மாதிரி ஒரு வாடை அடிக்கிறதாம். வால்வில் பூஞ்சை படிவது எல்லாருக்கும் உண்டு, நர்ஸே சொன்னதுதான். துலக்கிக்கொண்டிருக்கிறேன். மற்றபடி இடது காதில் அவ்வப்போது ஒரு குத்தல், குளிர் காற்றுப் பட்டிருக்கும்.

பெரிய டாக்டரை இப்போது பார்க்கத் தேவையில்லை. ஒழுகுகிறது என்றுதானே பார்க்கச் சொன்னார்கள். இப்போதுதான் ஒழுகவில்லையே.

அத்தான்


மே 3

அத்தான்,

நீங்கள் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தோஷமாக இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன வாரம் இங்கே மூன்றாம் நம்பர் பம்பில் ஒரு தொந்தரவு. மூடியின் ஓரத்தில் கசிகிறது என்று எனக்கு முன்னால் இருந்தவர் கனமான வளையம் போட்டு இறுக்கியிருந்தார். கசிவு நின்றுவிட்டது, அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் சும்மா ஒரு சந்தேகத்துக்குத்தான் திறந்தேன். வளையத்துக்கு அடியில் இரும்பே இல்லை. கையால் தொட்டதும் உதிர்ந்தது. கசிந்துகொண்டே இருந்திருந்தால் யாராவது முன்பே திறந்து பார்த்திருப்பார்கள்.

நீங்கள் மூடியிருப்பது எதை என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. காதில் குத்தல் என்கிறீர்கள். வாடை என்கிறீர்கள். கழுத்துக் காரியத்தோடு காதுக்கு என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே மருந்து கொடுக்கும் கம்பவுண்டர் லீவில் போயிருக்கிறார், வந்ததும் கேட்கிறேன். நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சீட்டு பழசாகியிருந்தால் புதுச் சீட்டு வாங்குங்கள்.

அக்காவிடம் வளையம் பற்றிச் சொன்னீர்களா? அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அதிலிருந்தே தெரிகிறது.

மாப்பிள்ளை


மே 16

மாப்பிள்ளைக்கு,

உன் மூன்றாம் நம்பர் பம்பு செத்தால் அதற்காக நானும் சாக வேண்டுமா? நல்ல வார்த்தை எழுத ஆள் இல்லாமல் உனக்கு எழுதுகிறேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

மறுபடியும் ஒழுகுகிறது. முதல் வளையம் லூசாகிவிட்டது. இரண்டாவதைப் போட்டேன், அதுவும் நிற்கவில்லை. பொத்தல் இன்னும் அகன்றிருக்கிறது. மேல் பக்கம் மட்டும் கொஞ்சம் சதை வளர்ந்து மேடாக இருக்கிறது. உரசலில் காய்த்திருக்கும். தொட்டால் ரத்தம் வருகிறது, ஆனால் நிற்கவும் நிற்கிறது.

அதனால் வெளிவட்டம் இருபத்திநாலு, கனம் ஒரு மில்லி. இது உட்கார்ந்துகொள்ளும்.

உன் அக்காவிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? தண்ணீரை மாவு கரைத்துக் கெட்டியாக்கிக் குடிக்கிறேன், அப்படியென்றால் குறைவாக ஒழுகுகிறது. சட்டை எல்லாம் பெரிதாகிவிட்டது. அவள் கையால் என் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு "சாப்பிடுறீங்களா, சாப்பிடுற மாதிரி சத்தம் போடுறீங்களா?" என்றாள்.

முடியாது என்று எழுதாதே. நீ அனுப்பவில்லை என்றால் பட்டறையில் பழைய சைக்கிள் ட்யூப் கிடக்கிறது, கத்திரிக்கோலால் நானே வெட்டிக்கொள்வேன். மிரட்டவில்லை. செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

அத்தான்


மே 25

அத்தான்,

இத்துடன் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்ட அளவுதான்.

நேற்று அதை வெட்டி மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு பெரியதா என்று இருந்தது. அனுப்பாமல் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். சைக்கிள் ட்யூப் ஞாபகம் வந்தது. அந்த அழுக்கு ரப்பருக்கு இது மேல் என்று மனசைத் தேற்றிக்கொண்டு உறையில் போட்டேன். என்னை இந்த இக்கட்டில் நிறுத்தியது நீங்கள். அதை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த மாத நடுவில் லீவு கேட்டிருக்கிறேன். வந்து நானே உங்களை இழுத்துக்கொண்டு போகிறேன். லாரி கிளம்புகிறது.

மாப்பிள்ளை


மே 27

அத்தான்,

முந்தாநாள் அனுப்பிய வளையத்தைப் போடாதீர்கள். கடிதம் வந்ததும் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

கம்பவுண்டர் நேற்றுதான் திரும்பி வந்தார். உங்கள் பெயர் சொல்லாமல், தெரிந்தவர் ஒருவருக்கு என்று கேட்டேன். காதுக் குத்தல், வாடை, மெலிவு, தொட்டால் ரத்தம் வரும் சதை எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "குரல்வளை எடுத்தவருக்குக் காதுல வலின்னா அது காது வலி இல்லப்பா. எடுத்த நோய் திரும்ப வருதான்னு உடனே பாக்கணும். ஓரத்துல ஒழுகுறதே அதனாலயும் இருக்கலாம். அதை அடைச்சு வைக்கலாமா?" என்றார். இன்னொன்றும் சொன்னார். அந்த வளையம் நழுவினால் வெளியே வராது, மூச்சோடு உள்ளேதான் போகும் என்றார். நீங்களே முதல் தடவை இடுக்கியில் பிடித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருந்தேன் என்று எனக்கே புரியவில்லை.

ஆபீசுக்குப் போய் போன் கேட்டேன். யாருக்கு அடிபட்டது என்று கேட்டார்கள். இன்னும் யாருக்கும் படவில்லை என்றேன். தரவில்லை.

லாரி போய்விட்டது. இது அடுத்த லாரியில்தான் வரும். அந்த வளையம் இதற்கு முன்னால் உங்கள் கைக்கு வந்துவிடும். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை


ஜூன் 9, ஆஸ்பத்திரி

மாப்பிள்ளைக்கு,

தையல்காரம்மா உன் ஆபீசுக்குப் போன் போட்டதாகச் சொன்னாள். இந்தத் தடவை போனைக் கொடுத்திருப்பார்கள், அடிபட்டுவிட்டதே. நீ இந்நேரம் வீட்டில் இருப்பாய். இந்த வார்டுக்குள் யாரையும் விடுவதில்லை, கதவுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போகலாம். மத்தியானம் சாப்பிடப் போகும்போது நர்ஸ் அம்மா இதை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பாள்.

நடந்ததை நீ அரைகுறையாகக் கேட்டிருப்பாய். பெரிய வளையம் ஒரு நாள் நன்றாக இருந்தது. மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது ஒரு இருமல். வெளியே எதுவும் விழவில்லை. மூச்சை இழுத்தால் உள்ளே விசில் அடித்தது. எழுந்து கண்ணாடியில் பார்த்தேன். வளையம் அங்கே இல்லை. எங்கே போயிருக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

துளையை அடைத்துப் பேசினால்தானே பேச்சு. மூச்சே இல்லாதபோது அடைத்து என்ன செய்வது. உன் அக்கா விசில் சத்தத்தை வைத்தே என்னிடம் வந்துவிட்டாள். நெஞ்சில் கை வைத்தாள், கழுத்தில் கை வைத்தாள், பிறகு தெருவுக்குப் போய்க் கத்தினாள். ஆம்புலன்சில் வந்தவன் ஆக்சிஜன் மூடியை என் வாயிலும் மூக்கிலும் வைத்து அழுத்தினான். காற்று எனக்கு வந்து சேரவே இல்லை. நான் கையை ஆட்ட, அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவள்தான் என் முகத்தைத் தடவி, மூடியைப் பிடுங்கிக் கழுத்தில் வைத்து "அவரு மூச்சு விடுறது இங்க" என்றாள். கண் தெரிந்தவனுக்கு அது தெரியவில்லை.

குழாய் விட்டு வளையத்தை எடுத்துவிட்டார்கள். வலது நுரையீரலின் வாசலில் குறுக்கே நின்றதாம். சீழ் கட்டியிருக்கிறது, மருந்து போகிறது.

இனி எழுதுவது உனக்கு மட்டும். பெரிய டாக்டர் அந்தச் சதை மேட்டில் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். இன்று முடிவு வந்தது. நோய் திரும்பிவிட்டது. பொத்தலைச் சுற்றி மட்டும் இல்லை, பின்னால் கழுத்து ரத்தக் குழாய் வரைக்கும் போயிருக்கிறது. மூன்று மாதம் முன்பு வந்திருந்தால் வெட்டி எடுக்க வழி பார்த்திருப்பாராம். இப்போது கத்தி வைக்க முடியாது. கதிர்வீச்சு கொடுத்தால் வலி குறையும், நாளும் கொஞ்சம் நீளும் என்றார். ரத்தக் குழாய் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்பதையும் சொன்னார். நல்ல மனிதர், கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

நாளைக் காலையில் வால்வைக் கழற்றுகிறார்கள். திரும்ப மாட்டுவது கிடையாது.

உன் அக்காவிடம் நீ சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: வால்வில் பூஞ்சை, கழற்றியிருக்கிறார்கள், கொஞ்ச நாளில் வேறு மாட்டுவார்கள். வளையம் சைக்கிள் ட்யூபில் நான் வெட்டியது என்று ஆம்புலன்சுக்காரனிடம் கையால் எழுதிக் காட்டியிருக்கிறேன், அவளுக்கும் அதுவே போய்ச் சேர்ந்திருக்கும். அப்படியே இருக்கட்டும். உன்னைத் துரத்தியதற்கு ஈடாக வைத்துக்கொள். அவளுக்கு மிஞ்சப் போவது நீ ஒருவன்தான்.

இன்று அவளைக் கூட்டி வராதே. இன்னும் பேச முடியும், அதுதான் பயமாக இருக்கிறது. அவள் கேட்டால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். நாளை மத்தியானத்துக்கு மேல் கூட்டி வா. இந்தத் தடவையாவது வாயை மூடிக்கொண்டு இரு.

அத்தான்


ஜூன் 9, ஆஸ்பத்திரி வாசல்

அத்தான்,

நீங்கள் சொல்லச் சொன்னதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். பூஞ்சை என்றேன். கொஞ்ச நாளில் வேறு மாட்டுவார்கள் என்றேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன்.

அக்கா கையை நீட்டித் தாளைக் கேட்டாள். கண் தெரியாதவளிடம் கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று கொடுத்தேன். திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினாள். நீங்கள் பேனாவை அழுத்தி எழுதுகிறவர், எழுத்தெல்லாம் அந்தப் பக்கம் புடைத்துக்கொண்டிருக்கிறது. விரல் மேலே இருந்து கீழே வரை ஒவ்வொரு வரியாகப் போனது. பிறகு அடுத்த தாள். "நீ ரெண்டு வார்த்தைதான் சொன்ன. அவரு ரெண்டு தாள் எழுதியிருக்காரே. படி" என்றாள்.

நான் எதையோ சமாளித்தேன். "போன தடவை நீ சொன்னதாலதான் எனக்கு இந்த ஒண்ணரை வருஷம் கிடைச்சுது. இப்ப என்ன புதுசா பயம்?" என்றாள்.

படித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். எதையும் விடவில்லை. டாக்டர் சொன்ன இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். சைக்கிள் ட்யூப் வந்த இடத்தைப் படித்ததும் அது பொய் என்றேன். வளையத்தை வெட்டியது நான்தான், மூன்றையும் நான்தான் என்று நானே சொன்னேன். அக்கா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் எழுந்து செருப்பைத் தேடினாள். எங்கே என்றேன். "வால்வைக் கழட்டுறதுக்குள்ள போகணும்" என்றாள். நீங்கள் நாளைக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறீர்கள் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எழுதச் சொன்னதும் அவள்தான்.

"உன் வாயால கேட்டது போதும். அவரு வாயால எனக்குச் சொல்லணும். எவ்வளவு நாளு இருக்குன்னு அவரே சொல்லட்டும். கடைசியா எங்கிட்டப் பேசுனது பொய்யா இருக்கக் கூடாது. அதைக் காதுல வச்சுக்கிட்டு என்னால மிச்ச காலம் குடித்தனம் பண்ண முடியாது."

வார்டுக் கதவுக்கு வெளியே நிற்கிறோம், அத்தான். நர்ஸ் அம்மாவிடம் இந்தத் தாளைக் கொடுத்து அனுப்புகிறேன். அக்கா கதவில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். எழுந்து வாருங்கள்.

மாப்பிள்ளை